போகச் சொன்னால் போவார்களா

தம்பி குகன்,

அடுத்த கிழமை நீயும் தெரேசாவும் மணிலாவுக்குப் புறப்பட்டுவிடுவீர்கள். அப்பா கராஜில் நின்று உன் புத்தகப் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் சமையலை முடித்துவிட்டு, ஆறாம் படிவப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தலாம் என்று அங்கேயே குசினி மேசையில் உட்கார்ந்தேன். இரண்டைத் திருத்தியதும் மிச்சத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதத் தொடங்கிவிட்டேன். கட்டுரைத் தலைப்பு உனக்குத் தெரிந்ததுதான். கடல் கடந்த நாடுகளை அமெரிக்கா தன் ஆட்சிக்குள் கொண்டுவந்ததற்கு ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்பட்ட வாதங்களை ஆராய்க. ஒவ்வொரு வருடமும் இதைக் கொடுக்கிறேன். பிள்ளைகளும் ஒவ்வொரு வருடமும் தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதித் தருகிறார்கள். முடிவுரையில் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று முடிப்பார்கள். அப்படி எழுதப் பழக்கியவள் நான்தான். இந்த வருடம் அதே தலைப்பில் உன் கலியாணமே உடைந்துபோகப் பார்த்தது. அந்த நாட்களில் ஒருமுறை நீ என்னிடம், "அம்மா, நீங்கள் எந்தப் பக்கம் எண்டு ஒருநாளும் சொன்னதில்லையே" என்று கேட்டாய். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஆறுதலாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்கவேண்டும். நான் எழுத்துப் படித்தது அமெரிக்க மிஷனரிமார் கட்டிய பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டில் கிறிஸ்தவர் எவரும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிள்ளைகள் திங்கட்கிழமை அவர்களுடைய பள்ளி வாங்கில் உட்கார்ந்து பைபிள் வசனம் பாடமாக்கினோம். உன் பெரிய மாமாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது, நாட்டு மருந்து கொடுத்த பரியாரியார் கைவிட்ட பிறகு, அவரைக் கொண்டுபோனது அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குத்தான். மாமா பிழைத்தார். ஆகவே அமெரிக்கா என்றால் எனக்குச் சிறுவயதில் மருந்துப் போத்தலும் கரும்பலகையும்தான். அந்த நன்றியை நான் மறைக்கமாட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது உன் தாத்தாவிடம், என் ஐயாவிடம், சொன்னேன், "வெள்ளைக்காரன் எங்களை ஆள வந்தவன். அமெரிக்கர் படிப்பிக்க மட்டும்தானே வந்தவை" என்று. ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வாய் அதிகம் திறக்காத மனிதர். "அவை துவக்குக் கொண்டுவராததுக்குக் காரணம் இருக்குது பிள்ளை. வெள்ளைக்காரப் பட்டாளத்தின்ர துவக்கு முன்னமே இஞ்ச நிண்டது" என்றார். பிறகு குழம்பை வாங்கிக்கொண்டார். அவர் அவர்களைக் குறை சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் என் தங்கையையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது உனக்குப் பதினாறு வயது. எழுபதாம் ஆண்டின் தொடக்கம். எங்களைப் போன்ற நிறத்தவர்களைத் தெற்குக் கோடியில் இருக்கிற இந்த நாடு ஒவ்வொருவராக எண்ணி, படிப்பைப் பார்த்து, தயங்கித் தயங்கி உள்ளே விட்ட காலம். ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில், அப்போது இன்னும் பழத்தோட்டங்கள் மிச்சமிருந்த தெருவில், இந்த வீட்டை வாங்கினோம். பக்கத்து வீட்டுக் கென்னை உனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. உனக்கு அவர்களுடைய முட்டை வடிவக் கோணல் பந்தை உதைக்கப் பழக்கியவன் அவன்தான். வியட்நாமில் அமெரிக்காவோடு சேர்ந்து சண்டை பிடிக்க இந்த நாடும் ஆள் அனுப்பியது. இருபது வயதுப் பொடியன்மாரின் பிறந்த நாட்களை எழுதிய கோலிக் குண்டுகளைக் குலுக்கி எடுத்து, விழுந்த நாளில் பிறந்தவர்களை இராணுவத்துக்கு அழைத்தார்கள் அல்லவா? கென்னின் நாள் விழுந்தது. அவன் வியட்நாமுக்குப் போன மாதத்தில்தான் நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ரயிலில் சிற்றிக்குப் போய், போருக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்து, பேர்க் ஸ்ட்ரீட் என்ற பெரிய கடைத்தெருவின் நடுவே ஆயிரக்கணக்கானவர்களோடு நிலத்தில் இருந்தாய். பின்னேரம் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு வந்தாய். அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பெட்டியும் அவிழ்த்து முடியேல்லை. அதுக்குள்ள நீ போய் றோட்டில இருக்கிறியே?" என்றார். "கென் அங்க போய் இருக்கிறதை விட நான் றோட்டில இருக்கிறது மேல்" என்றாய். அப்பா வாசலை விட்டு விலகினார். நான் உனக்குச் சோறு போட்டேன். அன்றும் நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

கென் திரும்பி வந்தான். கை கால் எல்லாம் இருந்தன. ஆனால் பந்து உதைக்கவில்லை. தகப்பனின் கராஜில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கதவைப் பாதி இறக்கிவிட்டு இருப்பான். நீ போய் வாசலில் நிற்பாய். சில நாட்களில் உள்ளே கூப்பிடுவான், சில நாட்களில் கூப்பிடமாட்டான். அமெரிக்காவைப் பற்றிய உன் கோபம் அந்தக் கராஜில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பிறகுதான் நீ அதற்குப் புத்தகங்களைத் தேடிப் போனாய்.

புத்தகங்களில் இருப்பதை நானும் இத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். போன நூற்றாண்டு முடிகிற நேரத்தில் ஸ்பெயினோடு போர் தொடுத்த அமெரிக்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைப்பற்றிய கதை அது. வைத்திருப்பதா விடுவதா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. வைத்திருக்கவேண்டும் என்றவர்கள் சொன்னதை வகுப்பில் சுருக்கமாக இப்படிச் சொல்வேன்: நாங்கள் விட்டால் ஜெர்மன்காரனோ ஜப்பான்காரனோ எடுப்பான், சீனாவோடு வியாபாரம் செய்ய வழியில் ஒரு துறைமுகம் வேண்டும், அந்த மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சட்டமும் கொடுத்துப் பழக்கவேண்டியது எங்கள் கடமை. இதில் முதலாவது வெறும் சாட்டு அல்ல. ஜப்பான்காரன் பிறகு வந்தான்தானே. எதிர்த்தவர்களில் மிக நேர்மையானவர்கள் கேட்டது இது: ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் ஆளக்கூடாது என்று சொல்லி ஒரு அரசனைத் துரத்திப் பிறந்த நாடு, இன்னொருவருக்கு எப்படி அரசனாகலாம்? நல்ல கேள்வி. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்காக எதிர்க்கவில்லை. அந்தத் தீவுகளைச் சேர்த்துக்கொண்டால் அந்த மண்ணிறத்து மனிதர்கள் ஒருநாள் எங்கள் பிரஜைகளாகிவிடுவார்களே என்ற பயத்தில் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். எங்களை ஆளவும் வேண்டாம், எங்களோடு வாழவும் வேண்டாம் என்று நினைத்தவர்களையும் நல்ல பக்கத்தில் எழுதவேண்டி வருவதுதான் சரித்திரத்தில் உள்ள தொல்லை.

தெரேசா பிலிப்பைன்ஸ் பிள்ளை என்று நீ சொன்ன அன்று நான் யோசித்தது சமயத்தையும் சாதகத்தையும் பற்றித்தான். என் கட்டுரைத் தலைப்பு எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று கதிரைகளுக்கு அப்பால் வந்து உட்காரப்போகிறது என்று நினைக்கவில்லை. அவளும் உன்னைப் போலத் தண்ணீர் வழங்கல் பொறியியல் படித்தவள். படிப்புக்கான உதவிப் பணத்தில் வந்து, கார்ல்டனில் ஒரு சிறிய பிளாட்டில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தானே கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற பிள்ளை. எனக்கு அவளைப் பிடித்தது. அப்பாவுக்கு என்னைவிட முந்தியே பிடித்துவிட்டது. அவளுடைய தகப்பன் ரமோன், தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்த மாமி கார்மென் இரண்டு பேரும் உன்னைப் பார்ப்பதற்கென்றே மணிலாவில் இருந்து வந்தார்கள். கார்மென் ரமோனுக்கு அக்கா, இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியை. ரமோன் மணிலாவின் தண்ணீர்க் குழாய்களோடு வாழ்நாளைக் கழித்த பொறியியலாளர். ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். அவர்கள் பேசியது எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடு நன்றாகத்தான் தொடங்கியது. ஹீட்டரை ரமோனின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அப்பா கோழி இறைச்சியைப் பரிமாறினார். ரமோன் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். "என் தகப்பனாரின் காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் வாந்திபேதி வரும். தெருவுக்குத் தெரு பிணம். நல்ல தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களிடம் கற்றவர்களிடம்தான் நான் கற்றேன்" என்றார். நீ கரண்டியை வைத்தாய். "தண்ணீர் தருவதற்கு முன்பு எத்தனை ஊர்களை எரித்தார்கள் அங்கிள்?" என்று கேட்டாய்.

ரமோன் பதில் சொல்லுமுன் கார்மென் சொன்னார், "எங்கள் தகப்பனாரின் ஊரையும் எரித்தார்கள். அரிசி வைத்திருந்த கொட்டில்களையும் எரித்தார்கள். சனங்களை ஒரு வேலிக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள்."

"அதன் பிறகு அதே தகப்பனாருக்கு ஏ பி சி சொல்லிக்கொடுத்தவன் யார்?" என்றார் ரமோன். "ஒரு சிப்பாய். துவக்கைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் பாடம் நடத்தினான். அந்த ஏ பி சியால்தான் நீயும் ஆசிரியை ஆனாய். கார்மென், இது இப்போது வேண்டாம்."

அந்த இடத்தில் நீ நிறுத்தியிருக்கலாம். கார்மென் உன் பக்கம் இருக்கிறார் என்ற தைரியமோ, கராஜில் இருக்கிற கென்னின் நினைவோ, நீ நிறுத்தவில்லை. "எரித்தவனுக்கே நன்றி சொல்ல வைத்ததுதான் அவர்களுடைய பெரிய வெற்றி. உங்களை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்" என்றாய். மிருகங்களைப் பற்றிச் சொல்கிற சொல் அது. மேசையில் எல்லோருக்கும் விளங்கியது. தெரேசா உன்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள்.

ரமோன் குரலை உயர்த்தவில்லை. "நீ இதைப் புத்தகத்தில் படித்தாய்" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்காய்க் கறி மிகவும் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லி, அப்பாவுக்குக் கை கொடுத்து, மகளின் கோட்டை எடுத்து வரச் சொன்னார். அவர்கள் போன பிறகு நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கு என்ன தெரியும், நான் புத்தகத்திலதான் படிச்சனான் எண்டு" என்றாய். அவருக்குத் தெரியாது. நீயும் கென்னைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் தெரேசா எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். படிப்பு முடிந்ததும் தான் தகப்பனோடு மணிலாவுக்குத் திரும்புவதாக, இந்தக் கலியாணத்துக்கு அவர் சம்மதம் இல்லை என்பதாக, அவரை மீறித் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்பதாக. "நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டேன். "அவர் அரசியல் பேசியது எனக்குப் பிரச்சினை இல்லை அன்ரி. என் அப்பா எழும்பியபோது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. வென்ற சந்தோசம்" என்றாள். இதை நான் உனக்கு அப்போது சொல்லவில்லை. இப்போது நீ தெரிந்துகொள்ளலாம்.

உன்னிடம், "போய் மன்னிப்புக் கேள்" என்றுதான் முதலில் சொன்னேன். நீ, "சொன்ன விதம் பிழை எண்டால் அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். சொன்னது பிழை இல்லை அம்மா" என்றாய். நீ பொய் சொல்லாத பிள்ளை. அதனால் வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை மலைப்பக்கம் கூட்டிப்போவதாக முன்னமே சொல்லியிருந்தோம். வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ரமோன் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறவர். கார்மெனையும் கூட்டிக்கொண்டு வந்தார். காரின் முன் ஆசனத்தில் அப்பாவோடு இருந்து கியர் பெட்டியைப் பற்றியும் பெற்றோல் விலையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் நின்றுவிட்ட உன் பெயரை யாரும் எடுக்கவில்லை. த பேசின் என்கிற ஊரில், மலை அடிவாரத்துத் தேநீர்க் கடையில் இறங்கினோம். ஆண்கள் இரண்டு பேரும் மரங்களைப் பார்க்க நடந்தார்கள். நானும் கார்மெனும் யன்னலோரம் இருந்தோம்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உங்கள் மகன் சொன்னதில் பாதி நானே என் தம்பிக்கு முப்பது வருடமாகச் சொல்வதுதான். ஆனால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு" என்றார். பிறகு தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார். இரண்டாவது உலகப் போர் முடியப்போகிற காலம். ஜப்பானியர் மணிலாவில் ஆற்றுக்குத் தெற்கே வீடுகளுக்குள் புகுந்து நின்றுகொண்டு போகமாட்டோம் என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவர்களைத் துரத்தத் திரும்பி வந்த அமெரிக்கர். அங்கிருந்து ஷெல் அடித்தார்கள். நடுவில் அகப்பட்டது ஊர்ச் சனம். ஒரு காலையில் அவருடைய தாயார் முற்றத்தில் வாளியில் தண்ணீர் நிரப்பப் போனார். ஷெல் விழுந்தது. "அது யாருடைய ஷெல் என்று எங்களுக்குத் தெரியும். வந்த திசை தெரியும்" என்றார் கார்மென்.

"அப்போது ரமோன் எங்கே இருந்தார்?" என்று கேட்டேன்.

"அங்கேதான். சுவர் விழுந்து கால் அகப்பட்டுக் கிடந்தான். என்னால் கல்லை அசைக்க முடியவில்லை. பின்னேரம் அமெரிக்கச் சிப்பாய்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கல்லைத் தூக்கி, என் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றங்கரை வரை போனான். போகிற வழியெல்லாம் துப்பாக்கிச் சூடு."

"ஒரே வீட்டிலா? ஒரே நாளிலா?" என்றேன்.

"ஒரே நாளில். அம்மாவைப் பற்றி அவன் பேசமாட்டான். அந்தச் சிப்பாயைப் பற்றி நான் பேசமாட்டேன். பேசினால் மற்றவரின் பக்கம் போய்விடுவோமோ என்று இரண்டு பேருக்கும் பயம்."

வீட்டுக்கு வந்ததும் இதை அப்படியே உனக்குச் சொன்னேன். நீ எழும்பிக் கோட்டைப் போட்டாய். பிறகு, "நான் போய்ப் பார்க்கட்டோ?" என்றாய். "போ. ஆனால் நீ கதைக்கப் போகாத. அவர் கதைக்கட்டும்" என்றேன். அப்பா, நீ காரைக் கொண்டுபோகட்டும் என்று அதன் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அன்று கார்ல்டனில் தெரேசாவின் பிளாட்டில் நடந்ததை நீ எனக்கு ஒரு வரியில்தான் சொன்னாய். தெரேசாதான் முழுவதும் சொன்னாள். நீ போய்க் கதவில் நின்று ரமோனிடம், "அன்று நான் உங்களிடம் கேட்டிருக்கவேண்டியதைக் கேட்க வந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாயாம். அவர் உன்னை உள்ளே வரச் சொல்லவே நேரம் எடுத்ததாம். பிறகு சுமந்துபோன சிப்பாயைப் பற்றிச் சொன்னார். அவனுடைய கழுத்து வியர்வையைப் பற்றி, அவன் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்ததைப் பற்றி. நீ குறுக்கே பேசவில்லை. அவர் நிறுத்திய இடங்களிலும் பேசவில்லை. அதனாலோ என்னவோ, தெரேசா பிறந்த நாளில் இருந்து அவர் வாயால் கேட்டிராத கதைக்கு வந்தார். தாயின் கதைக்கு. கார்மென் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "அவர்கள் ஷெல் அடிக்காமல் விட்டிருந்தால் ஜப்பானியர் எங்களையும் எரித்திருப்பார்கள். அடுத்த தெருவில் அதுதான் நடந்தது. ஆகவே அவர்கள் அடித்தது சரி. நான் பொறியியலாளன், எனக்குக் கணக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, "இதை நான் என் அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியுமா?" என்று உன்னிடம் கேட்டாராம். நீ தெரியாது என்றாயாம். அதன் பிறகுதான் கென்னைப் பற்றிச் சொன்னாயாம். அவர் கேட்டார். அவனுக்கு இப்போது சாப்பாடு யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தார். நீ புறப்படும்போது அவர் சொன்னதைத் தெரேசா எனக்கு இரண்டு முறை சொன்னாள்: "நீ என்னோடு ஒத்துப்போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் மகள் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது முடியும்வரை கேட்பாயா என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது."

உன் வாழ்க்கைக்கு நான் ஏதும் அறிவுரை சொல்லவேண்டுமானால் அது இதுதான், அதை உன் மாமனார் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். கலியாணம் நடந்தது. காலையில் தேவாலயம், பின்னேரம் எங்கள் முன்னறையில் தாலி. சேலை கட்டிய கார்மென் ஒவ்வொரு படத்திலும் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இனி என் பக்கம் எது என்ற உன் கேள்வி. இதற்குப் பதிலை நான் விமான நிலையத்தில்தான் கண்டுபிடித்தேன். ரமோனையும் கார்மெனையும் வழியனுப்பப் போனபோது நீயும் தெரேசாவும் அவர்களுடைய பெட்டிகளோடு வரிசையில் நின்றீர்கள். கார்மென் என்னிடம், நீ கேட்டதையே கேட்டார். "நீங்கள் சரித்திரம் படிப்பிக்கிறவர். யார் சொல்வது சரி, நானா இவனா?" நான் வகுப்பில் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "பள்ளிக்கூடமும் குழாயும் நல்லவைதான். ஷெல்லும் சில நேரம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வந்தவன் நல்லவனா கெட்டவனா என்று நான் கேட்கமாட்டேன். போகச் சொன்னால் போவானா என்று கேட்பேன். போகிறவன் விருந்தாளி. போகாதவன் எவ்வளவு நன்மை செய்தாலும் அதிகாரிதான்" என்றேன்.

"போனார்களே" என்றார் ரமோன். "போர் முடிந்த அடுத்த வருடமே சுதந்திரம் தந்துவிட்டுப் போனார்கள். ஐரோப்பியர் யார் அப்படிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் போனார்கள்?"

"கப்பல்களைத் தவிர" என்றார் கார்மென். "விமானங்களைத் தவிர. தளங்களைத் தவிர. இப்போது எங்களை இராணுவச் சட்டத்தில் வைத்திருக்கிற ஜனாதிபதியின் முதுகைத் தட்டிக்கொடுக்கிற கையைத் தவிர."

"தளங்களை நாங்கள்தான் இருக்கச் சொன்னோம். அவர்கள் இல்லாவிட்டால் அடுத்த ஜப்பான் வருவான். நானே வாக்குப் போட்டிருப்பேன்."

"என்னைக் கேட்டார்களா?" என்றார் கார்மென். "அந்தத் தளத்து வாசலில் பிழைப்புக்கு நிற்கிற பெண்பிள்ளைகளைக் கேட்டார்களா?"

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் தன்னுடைய பையையும் அக்காவின் பையையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கார்மென் அவருடைய இழுக்கும் காலுக்குத் தக்கதாகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். என் அளவுகோலில் ஒரு ஓட்டை இருப்பதை அந்த அம்மா காட்டிவிட்டுப் போய்விட்டார். போகச் சொன்னால் போவானா என்று கேட்டால் மட்டும் போதாது. இருக்கச் சொன்னவர் யார், அவர் யாரைக் கேட்டுக்கொண்டு சொன்னார் என்றும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் இந்த நாட்டில் எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நிற்கவேண்டி வரும். இந்த மண்ணின் ஆதிக்குடிகளை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தவர்களிடம் விண்ணப்பம் போட்டுத்தான் நாங்களும் வந்தோம். அதை வைத்து நான் தூக்கம் இழக்கவில்லை. ஆனால் அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசுகிறேன். ஆக, நான் எதிர்க்கிறவர்களின் பக்கம், தம்பி. உன் பக்கம். ஆனால் மருந்துப் போத்தலை மறக்காமல், ரமோனைச் சுமந்தவனை மறக்காமல் அந்தப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கே போனதும் நீயும் அப்படி நிற்கப் பழகு. மாமனாரோடு வாதாடு, அவருக்கு அது பிடிக்கும். வென்றுவிட்டாய் என்று தோன்றினால் தெரேசாவின் முகத்தைப் பார்.

இனிக் கடைசி விசயம். இதை நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. நீ போய் ஒரு வருடத்தில் இந்த வீட்டை விற்று எங்களையும் மணிலாவுக்குக் கூப்பிடுவதாக அப்பாவிடம் சொன்னாயாம். வயது போன காலத்தில் இந்தக் குளிரில் தனியே இருந்து என்ன செய்யப் போகிறோம், அங்கே வேலைக்கு ஆள் வைக்கலாம், ஆஸ்பத்திரி பக்கத்தில், எல்லாம் எங்கள் நன்மைக்குத்தான் என்றாயாம். வீட்டு முகவரோடும் பேசிவிட்டாயாம். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்து என்னிடம், "பொடியன் எல்லாம் ஒழுங்குபடுத்திப் போட்டான்" என்றார். நீ எங்கள் நன்மையைத்தான் நினைத்தாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் சாமானைக் கட்ட வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நாங்கள் வந்தாலும் வருவோம். ஆனால் முதலில் எங்களை ஒருமுறை கேள்.

அம்மா